நாம் கிளம்பிவிடுவோம், அவர் அங்கேயேதான் இருப்பார்: சிறை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடிய கதவுக்குள் நடக்கும் கொடுமையைத் தடுக்க, வெளியாட்கள் அடிக்கடி உள்ளே போய்ப் பார்ப்பதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை (நாடுகள் விரும்பினால் சேரும் துணை ஒப்பந்தம்) 2002-இல் நிறைவேறி, 2006-இல் நடைமுறைக்கு வந்ததே இதற்காகத்தான். 2015-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட, கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நெல்சன் மண்டேலா விதிகள், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்குப் போகலாம், யாரோடு பேசுவது என்று ஆய்வுக் குழுவே முடிவு செய்யலாம், தனியாகப் பேசலாம் என்கின்றன. இவ்வளவு இருந்தும் பல ஆய்வுகள் வீணாகப் போகின்றன. சில ஆய்வுகள் கைதிக்கே வினையாக முடிகின்றன.

அப்படி வினையாவதற்குக் காரணம் ஒரே தவறுதான்: பேசியவரின் பாதுகாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. குழு மாலையில் கிளம்பிவிடும். பேசியவர் அதே செல்லில், சாவியை வைத்திருக்கும் அதே காவலரின் கண்முன்னே இருப்பார். ஒரே ஒருவரை மட்டும் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினால், இரவுக்குள் யார் எதைச் சொல்லியிருப்பார் என்பது பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். ஒருவரிடம்தான் விஷயம் இருக்கிறது என்று தெரிந்தாலும், அதே வரிசையில் உள்ள பலரிடம் ஏறக்குறைய அதே அளவு நேரம் பேசுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாதவரிடமும் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றியாவது கேளுங்கள். காவலர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் அது பேச்சே இல்லை. பாதுகாப்புக்காக என்று சொன்னால், சரி, தூரத்திலிருந்து பார்க்கட்டும். காதில் எதுவும் விழக்கூடாது.

பெயரை எழுதாமல் விட்டால் போதும் என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். ‘மூன்றாம் பிளாக்கில் இடது கை உடைந்த ஒருவர், போன வாரம் நடந்ததாகச் சொன்னார்’ என்று அறிக்கையில் எழுதிவிட்டால் பெயர் எதற்கு? எதை வெளியே சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்று அவரிடமே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தாலும். விருப்ப நெறிமுறையின் 21-ஆம் பிரிவு பழிவாங்கலைத் தடை செய்கிறது. ஆனால் திரும்பப் போய்ப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தத் தடை காகிதத்தோடு நின்றுவிடும். சீக்கிரமே மறுபடி போய் அதே ஆட்களைப் பாருங்கள். யாரையாவது திடீரென்று வேறு சிறைக்கு மாற்றியிருந்தால், எங்கே, ஏன் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அங்கேயும் போய்ப் பாருங்கள்.

அடுத்தது, அதிகாரி கூட்டிப்போகும் வழியிலேயே நடப்பது. நூலகம், தொழிற்கூடம், புதிதாக வெள்ளையடித்த கூடம் என்று சுற்றிக் காட்டுவதற்குள் நேரம் போய்விடும். தண்டனை செல்கள், புதிதாக வந்தவர்களை வைக்கும் இடம், மருத்துவப் பிரிவு ஆகியவற்றுக்கு முதலில் போங்கள். சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறார் என்றால், வரும்வரை கதவருகிலேயே நில்லுங்கள். புகார்ப் பெட்டி எங்கே தொங்குகிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே பெட்டியும், அதிகாரியின் பையில் சாவியும் இருக்கிற சிறையில் ‘புகார் எதுவும் வரவில்லை’ என்பது நல்ல செய்தி அல்ல, பயந்து கிடக்கிறார்கள் என்று பொருள்.

பேசத் தொடங்கியதும் ‘உங்களை அடித்தார்களா?’ என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாதவரிடம் யாரும் அதற்கு உண்மையான பதில் சொல்லமாட்டார்கள். ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள்: கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது மூடும், கடைசியாக யாரோடு உட்கார்ந்து பேசினீர்கள்? இதில் நிறைய வெளியே வரும். மனிதத் தொடர்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் நாளைக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்து வைப்பதுதான் தனிமைச் சிறை என்கிறது மண்டேலா விதி 44. அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் நீண்டகாலத் தனிமைச் சிறை. அதற்கு முழுத் தடை. அந்தப் பகுதிக்கு நிர்வாகம் எந்தப் பெயரை வைத்திருந்தாலும் மணிக்கணக்கையும் நாள்கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

கணக்குப் போடப் பதிவேடு வேண்டும். அதைப் புரட்டாமல் திரும்புகிறவர்கள் பாதி ஆய்வைத்தான் செய்திருக்கிறார்கள் என்பேன். தனியே அடைக்கப்பட்டவர்களை மருத்துவப் பணியாளர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது விதி 46. பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், பத்து நாள் கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல இருக்கும். அதைச் செல்லில் இருப்பவர் சொல்வதோடு வைத்துப் பாருங்கள். ஒருவரைச் சிறைக்குள் எடுக்கும்போதே உடலில் தெரியும் காயங்களையும், முன்பு நடந்த கொடுமை பற்றி அவர் சொல்வதையும் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி 7. போலீஸ் லாக்கப்பில் நடந்தது சிறையின் சேர்க்கைப் பதிவேட்டில் தெரியவருவது இப்படித்தான். அந்தக் கட்டம் எல்லோருக்கும் காலியாகவே இருந்தால், யாருமே கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

காயம் இல்லையென்றால் சித்திரவதையும் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தழும்பு விடாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், காயம் ஆறும்வரை யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். உடலில் தடயம் இல்லாததை வைத்துச் சித்திரவதை நடக்கவில்லை என்று சொல்லக்கூடாது என்பதை, சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்காக 1999-இல் வந்து 2022-இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது.

சிறையோடு நின்றுவிடுவதும் தவறு. ஆபத்து மிக அதிகம் கைதான முதல் சில மணி நேரத்தில்தான். குடும்பத்துக்குத் தகவல் போனதா, வழக்கறிஞரைப் பார்க்க விட்டார்களா, மருத்துவரிடம் காட்டினார்களா, இது மூன்றும் எத்தனை மணிக்கு நடந்தது? காவல் நிலையம், கைதிகளை ஏற்றிப்போகும் வண்டி, மருத்துவமனையின் கைதிகள் வார்டு எல்லாமே ஆய்வுக்குரிய இடங்கள்தான்.

மொழி தெரியாதவரிடம் பேச இன்னொரு கைதியை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், காவலரைச் சொல்லவே வேண்டாம். பெண்கள் பிரிவுக்கு ஆண்கள் மட்டுமே போகாதீர்கள். ஆய்வுக் குழுக்களில் பெண்கள் இருக்க வேண்டும் என்று பெண் கைதிகளுக்கான ஐ.நா.வின் 2010-ஆம் ஆண்டு பாங்காக் விதிகளே சொல்கின்றன. காவலர்களிடமும் பேசுங்கள். ஆள் பற்றாக்குறையால் ஒரு பிளாக்கையே ஒற்றை ஆளாகப் பார்ப்பவருக்கு, அங்கே உண்மையில் யார் அதிகாரம் செய்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும்.

கடைசியில் அறிக்கை. ‘நிலைமையை மேம்படுத்த வேண்டும்’ என்று எழுதினால் எல்லா அதிகாரிகளும் ஒப்புக்கொள்வார்கள், ஒன்றும் நடக்காது. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பணம் தேவைப்படாதவற்றை முதலில் போடுங்கள்: புகார்ப் பெட்டியின் சாவியை வெளி அமைப்பிடம் கொடுப்பது, தண்டனை செல்லில் அடைத்த நேரத்தையும் திறந்த நேரத்தையும் அன்றன்றே எழுதுவது. நிதி இல்லை என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை. செய்தார்களா என்று அடுத்த முறை போனவுடன் முதல் வேலையாகப் பார்த்துவிடலாம்.