மாடி பஸ்ஸும் ஹைபிரிட்டும்: வண்டி ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனும் அவன் கூட்டுக்காரன் ஒருவனும் சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பேப்பரை விரித்தால் கன்னியாகுமரி மாவட்ட வரைபடம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி, குளச்சல், மார்த்தாண்டம், குலசேகரம், பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி என்று கோடுகள் பிரிந்து போயின. சிவப்புக் கோட்டில் மாடி பஸ், பச்சைக் கோட்டில் ஹைபிரிட் (டீசல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது), கறுப்பில் சாதாரண வண்டி. "மாமா, இதுதான் எங்க ப்ராஜெக்ட். நல்லா இருக்கா?"

உழைத்திருந்தார்கள். ஒவ்வொரு ரூட்டிலும் நின்று தலை எண்ணியிருக்கிறார்கள். ஆனால் பேப்பரைப் பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பஸ் கழகத்து டிராபிக் செக்‌ஷனில் புதிதாக உட்கார்ந்தபோது நான் செய்த அதே தவறு அதே அழகோடு அங்கே இருந்தது. அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். எப்.சி. (தகுதிச் சான்று) காலம் முடிந்த வண்டியை அனுப்பாதே, டயரைப் பார், டிரைவர் இருக்கிறாரா என்று பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வீர்கள்.

ரூட்டைப் பார்த்து வண்டி போடுவது

இதுதான் பெரிய தவறு.

வரைபடத்தில் ரூட் ஒரு கோடு. பஸ் அந்தக் கோட்டில் மட்டும் ஓடுவதில்லை, ஷெட்யூலில் ஓடுகிறது. காலையில் ஒரு ஊரிலிருந்து கிளம்பி நாகர்கோவில் வரும். அங்கிருந்து கல்லூரிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு குலசேகரம். திரும்பி வந்து நடுப்பகலில் குளச்சல் ஒரு நடை, அதாவது ஒரு ட்ரிப். மாலையில் வேறொரு ஊர். இரவு ஏதோ ஒரு கிராமத்தில் ஸ்டே. இத்தனையும் ஒரே வண்டி, ஒரே ட்ரிப் ஷீட். வெளியில் நிற்பவருக்கு ஐந்து ரூட் தெரியும். டெப்போவுக்கு அது ஒற்றை ஷெட்யூல். குலசேகரம் நடைக்குக் கூட்டம் அதிகம் என்று பெரிய வண்டியைக் கொடுத்தால், அந்த ஷெட்யூலின் மீதி நான்கு ஊர்களுக்கும் அதே பெரிய வண்டிதான் போகும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் இதை யோசிக்கவில்லை. மேற்குப் பக்கத்து டெப்போ ஒன்றில் இருந்தேன். ஒரு ஷெட்யூலின் இரண்டாவது நடையில் பிள்ளைகள் படியில் தொங்கிக்கொண்டு போனார்கள். தினமும் புகார். அந்த நேரம் புது வண்டிகள் வந்தன, பழையதைவிட நீளம், பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் அதிகம். அதில் ஒன்றை அந்த ஷெட்யூலுக்குப் போட்டேன். மறுநாளே தொங்கல் நின்றது, கலெக்‌ஷன் கூடியது. மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார்.

அதே ஷெட்யூலின் கடைசி நடை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊருக்குப் போய் அங்கேயே இரவு ஸ்டே. வண்டி திரும்புகிற இடம் ஒரு குருசடி (வழியோரச் சிலுவைக் கோயில்) முக்கு. ஒரு பக்கம் குருசடியின் திண்ணை, எதிரே ஓடை, மூன்றாவது பக்கம் ஒரு அயினி மரம். பழைய வண்டி ஒரே ரிவர்ஸில் திரும்பிவிடும். புது வண்டியின் பின்பக்கம் திண்ணையில் இடிக்கும், முன் சக்கரம் ஓடையின் விளிம்புக்குப் போகும். முதல் இரண்டு நாள் கண்டக்டர் இறங்கி டார்ச் அடித்து விசில் ஊத, டிரைவர் நான்கைந்து தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பியிருக்கிறார். மூன்றாம் நாள் நல்ல மழை. ஓடையோரத்து மண் இளகிக் கிடந்தது. டிரைவர் இரண்டு கிலோமீட்டருக்கு முன்னாலேயே மெயின் ரோட்டு ஜங்ஷனில் வண்டியை நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நாற்பது உயிர் அவர் கையில். அன்றைக்கு இறங்கி நடந்தவர்களில் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு தாயும் உண்டு. இதை அந்தக் கண்டக்டர் பின்னாடி என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் ஜங்ஷனோடு வண்டி நின்றது. ஷீட்டில் நடை முடிந்ததாகவே எழுதப்பட்டது. எனக்குத் தெரிந்தது ஊர்க்காரர் ஒருவர் நேரில் வந்தபோதுதான். "சாரே, எங்க ஊருக்கு உள்ள பஸ் எங்க?" என்று அமைதியாகக் கேட்டார். அன்று சாயங்காலமே பழைய வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். பிந்திப்போயிற்று. ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் ஜீப்காரர்கள் ஆள் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். நாகர்கோவிலுக்குப் போய்வருகிறவர்கள் வேறு பஸ்ஸில் வந்து ஜீப் ஏறப் பழகிவிட்டார்கள். ஸ்டே நடையின் கலெக்‌ஷன் விழுந்தது, எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் நஷ்ட நடைகளைக் கணக்கெடுத்தபோது அது பட்டியலில் ஏறியது. ஸ்டேயை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஸ்டே போனால் விடிகாலை முதல் நடையும் போகும், ஏனென்றால் வண்டி அங்கே தூங்கினால்தானே அங்கிருந்து எழும்பும்? ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் வடசேரி சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்களும் நம்பியிருந்த நடை அது. இன்றைக்கும் அந்த ஜங்ஷனைத் தாண்டும்போது எனக்கு மனசு பொறுக்காது. காலை எட்டு மணிக் கூட்டத்தைத் தீர்க்கப்போய், ராத்திரி எட்டு மணி வண்டியை ஒரு ஊரிடமிருந்து பறித்தவன் நான்.

ஆகவே பையன்களிடம் முதலில் சொன்னது: கோடு போடாதீர்கள், ஷெட்யூலை வாங்குங்கள். ஒரு ஷெட்யூலின் எல்லா நடைகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அந்த வழியின் மிகக் குறுகிய வளைவு, மிகத் தாழ்ந்த கிளை, வண்டி திரும்பும் இடம் மூன்றையும் குறியுங்கள். வண்டியின் அளவை முடிவுசெய்வது அந்த நாளின் மிக இடுங்கிய நடை. கூட்டம் அதிகமான நடை அதற்கு அப்புறம்தான்.

பெரிய வண்டி கட்டாயம் வேண்டுமென்றால் ஷெட்யூலையே வெட்டி ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அகலமான சாலையிலேயே சுற்றுகிற மாதிரி, வடசேரி–கன்னியாகுமரி மட்டும் போய்வருகிற ஒரு ஷெட்யூலைத் தனியாக உருவாக்கி, மாடி பஸ்ஸை அதற்குள் பூட்டிவைக்கலாம். அப்படி வெட்டும்போது மற்ற ஷெட்யூல்களில் டெட் மைலேஜ் (ஆள் ஏற்றாமல் சும்மா ஓடுகிற தூரம்) கூடும், டிரைவர் கண்டக்டர் டூட்டி நேரம் இழுக்கும். அந்தச் செலவையும் ப்ராஜெக்டில் காட்டுங்கள். காட்டாத கணக்கு எல்லாமே லாபமாகத்தான் வரும்.

"லண்டனில் மாடி பஸ் ஓடுகிறதே" என்று கேட்பது

ஓடுகிறது. அங்கே மாடி பஸ்ஸைப் புது ரூட்டில் விடுவதற்கு முன் வழியெல்லாம் கிளை வெட்டுகிறார்கள். பழைய மாடி பஸ்ஸின் கூரையை எடுத்துவிட்டு, அதிலேயே நின்று மரம் கழிக்கிற வண்டிகள் அங்கே உண்டு. அப்படியிருந்தும் வழி தப்பிப்போன மாடி பஸ் ரயில் பாலத்தில் மோதிக் கூரை பிய்ந்த செய்தி இன்னும் வருகிறது.

இந்த மாவட்டத்துக்கு லண்டன் பாடம் புதிதும் இல்லை. நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரை வரவழைத்துத்தான் அரசு பஸ் சர்வீஸ் ஆரம்பித்தார்கள். 1938 பிப்ரவரி 20இல் தொடக்க விழா. முதலில் எடுத்துக்கொண்ட பெரிய ரூட் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி. சேஸிஸ் (அடிச்சட்டம்) இங்கிலாந்திலிருந்து வந்த காமர் கம்பெனியுடையது, இன்ஜின் பெர்கின்ஸ் கம்பெனியுடையது, பாடி மட்டும் இங்கே, நம் ஆசாரிமார் கையால் கட்டியது. லண்டன் அனுபவம் உள்ளவரே லண்டன் பஸ்ஸை அப்படியே கொண்டுவந்து இறக்கவில்லை. பையன்கள் இந்தக் கதையைக் கேள்விப்பட்டதே இல்லை.

உயரத்தைக் கண்ணால் அளப்பது

மத்திய மோட்டார் வாகன விதிப்படி மாடி பஸ் 4.75 மீட்டர் உயரம் வரை இருக்கலாம். நம் டவுன் பஸ்ஸைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் கூடுதல். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாக் கிளையும் உயரமாகத்தான் தெரியும். ஐந்து மீட்டர் மூங்கில் ஒன்றை வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, ரோட்டோரமாக நிமிர்த்திப் பிடித்து நடந்து பாருங்கள். ரோட்டின் நடுவில் பிடித்தால் ஏமாந்துபோவீர்கள், பஸ் ஒதுங்குவது ஓரத்தில்தான். திங்கள்சந்தை பக்கம் பையன்களை அப்படி நடக்கவைத்தேன். அரை மணி நேரத்துக்குள் துணி ஒரு புளியமரத்தில், இரண்டு தென்னை ஓலையில், கேபிள் வயர்களில் என்று எங்கெல்லாமோ சிக்கியது. ஒரு பலாமரத்தில் துணி தொட்டது கிளையை அல்ல, தொங்கிய காயை. மாடி பஸ்ஸின் மேல்தட்டு முன் கண்ணாடிக்கு நேர் உயரத்தில் பத்துக் கிலோ பலாக்காய். காய்க்காத மாதத்தில் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது. மழைக்காலத்தில் நனைந்த கிளை இன்னும் தாழும்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தின் மேல் போனால் உயரத் தொல்லை இல்லை. ஆனால் ஏறுகிற ஆள் எல்லாம் கீழே நிற்கிறார்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்று

சிவப்புக் கோடு ஆரல்வாய்மொழி வரை நீண்டிருந்தது. ரோடு அகலம், கிளை இல்லை, பார்த்தால் மாடி பஸ்ஸுக்கென்றே போட்டது போல இருக்கும். ஆனால் பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை எதற்கு நட்டிருக்கிறார்கள்? தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் நெருக்கிக்கொண்டு பாய்கிற இடம் அது. மாடி பஸ் சும்மா கவிழ்ந்துவிடாது. பிரிட்டனில் மேல்தட்டில் மட்டும் பாரம் ஏற்றி, 28 டிகிரி சாய்த்தும் விழாமல் நிற்கிறதா என்று சோதித்துத்தான் வண்டியை அனுமதிக்கிறார்கள். அதே பிரிட்டனில் பலத்த காற்று அடித்தால் உயரமான பாலங்களில் மாடி பஸ்ஸை விடமாட்டார்கள். ஓடுகிற வண்டியின் பக்கவாட்டில், அவ்வளவு பெரிய தகரச் சுவரில் காற்று தள்ளுவது வேறு விஷயம். வைகாசி பிறந்து புரட்டாசி வரை அந்தப் பக்கம் வேண்டாம்.

ஹைபிரிட்டை நீளமான ரூட்டுக்குக் கொடுப்பது

டீசல் மிச்சமாகும், அதனால் தூரம் அதிகமுள்ள ரூட்டில் போட்டால் மிச்சமும் அதிகம் என்று நினைக்கிறார்கள். ஹைபிரிட் வண்டி சம்பாதிப்பது பிரேக்கில். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகப்போகிற வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும். மறுபடி கிளம்பும்போது அது இன்ஜினுக்குக் கைகொடுக்கும். நான்கு வழிச்சாலையில் ஒரே சீராக ஓடினால் பிரேக்குக்கு வேலை எங்கே? பேட்டரியையும் மோட்டாரையும் சும்மா சுமந்துகொண்டு போவதுதான் மிச்சம். வடசேரி, மணிமேடை, கோட்டாறு என்று நூறு அடிக்கு ஒரு தடவை நின்று கிளம்புகிற டவுன் நடைக்குக் கொடுங்கள்.

பேச்சிப்பாறை இறக்கத்தில் பேட்டரி நிரம்புமே என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நிரம்பும், சீக்கிரமே நிரம்பும். ஹைபிரிட்டின் பேட்டரி சிறியது. அதற்கப்புறம் உள்ள இறக்கம் முழுக்க பழைய பிரேக்கில்தான். இறங்கும் முன் அதே எடையை மேலே ஏற்றியும் இருக்கிறோம்.

யார் ஏறுவார்கள் என்று பார்க்காதது

தலை எண்ணியவர்கள் யாருடைய தலை என்று எண்ணவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புது ஹைபிரிட்டுக்கு வேறு போர்டு, வேறு கட்டணம் என்று வைத்தால் நிறுத்தத்தில் நிற்கிற அக்காமார் அதை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். வண்டி காலியாகப் போகும், பின்னால் வருகிற பழைய வண்டி பிதுங்கும். முட்டம், குளச்சல் பக்கம் மீன் விற்கப்போகிற பெண்களுக்குச் சீட்டைவிட முக்கியம் பாத்திரம் வைக்கத் தரையில் இடமும் தாழ்ந்த படியும். அந்த நடைக்கு மாடி பஸ் கொடுத்தால் மேல்தட்டு காலியாகக் கிடக்கும், கீழே நிற்க இடமிருக்காது.

இரண்டு நிறுத்தம் போகிறவரும் மாடி ஏறமாட்டார். ஏறினால் இறங்கும்வரை வண்டி நிற்கும்.

ஒரே கண்டக்டர்

போதாது. மும்பையில் மாடி பஸ்ஸுக்கு இரண்டு கண்டக்டர் வைத்து ஓட்டினார்கள்.

டெப்போ கூரை

ஷெட், வாஷிங், டீசல் பங்க் மூன்றின் உயரத்தையும் அளந்துவிட்டு அப்புறம் வண்டியைப் பற்றிப் பேசுங்கள்.

ஸ்பேர் வண்டி இல்லாமல் திட்டம் போடுவது

மாடி பஸ் ஒருநாள் பிரேக்டவுன் ஆனால் பதிலுக்குச் சாதாரண வண்டிதான் போகும், கூட்டத்தில் பாதி ரோட்டில் நிற்கும். அதையாவது ஒரு நாள் சமாளிக்கலாம். நேர்மாறாக நடப்பதுதான் பயம்: சாதாரண வண்டி ஒன்று படுத்துவிட, டெப்போவில் சும்மா நிற்கிற மாடி பஸ்ஸை அவசரத்துக்கு வேறு ஷெட்யூலில் அனுப்பிவிடுவார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், மண்டைக்காடு மாசிக் கொடை என்று ஸ்பெஷல் விடுகிற நாட்களில் டெப்போவில் எந்த வண்டி எங்கே போகிறது என்று கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதே நாட்களில்தான் ரோட்டின் குறுக்கே சீரியல் பல்பு வளைவும் தோரணமும் கட்டியிருப்பார்கள். மாடி பஸ் எந்தெந்த நடைக்குப் போகவே கூடாது என்ற பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி, டைம் கீப்பர் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். பையன்கள் இப்போது அந்தப் பட்டியலைத்தான் தயாரிக்கிறார்கள், மூங்கிலோடு.