யாழ்ப்பாணத்துக் குசினிக்கு மெக்சிக்கோ நிறம்: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

மெக்சிக்கோ பாணி என்று இணையத்தில் தேடினால் முதலில் வருபவை அகன்ற தொப்பியும், கள்ளிச்செடிப் பொம்மையும், பூப்போட்ட மண்டையோடும்தான். மூன்றையும் விட்டுவிடுங்கள். மண்டையோடு அங்கே நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்களுக்கு உரியது. அதைக் கொண்டுவந்து சோற்றுப்பானைக்கு மேலே மாட்டினால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

அந்த நாட்டுப் பழைய சமையலறைகளில் இருப்பவை மண்சட்டி, அரைக்கும் கல், சுண்ணாம்புச் சுவர், காய்ந்த மிளகாய், பின்னிய பெட்டிகள். பாதிச் சாமான் ஏற்கெனவே உங்கள் குசினியிலோ பின்வளவுக் கொட்டிலிலோ கிடக்கிறது. இல்லாதது நிறம்தான். ஆகவே காசை நிறத்தில் போடுங்கள், அலங்காரச் சாமானில் போடாதீர்கள்.

மாதிரி வேண்டுமென்றால் மெக்சிக்கோ நகரின் கொயொகான் பகுதியில் ஓவியர் ஃப்ரீடா காலோ வாழ்ந்த நீல வீட்டின் படங்களைப் பாருங்கள். 1958 முதல் அது அருங்காட்சியகம். அதன் சமையலறையில் தரை மஞ்சள். அடுப்புத் திண்ணையில் நீலமும் வெள்ளையும் மஞ்சளுமாக ரைல்ஸ். சுவரில் குட்டிக் குட்டி மண்பானைகள். நிறங்கள் பலமானவை, ஆனால் எண்ணிக்கையில் கொஞ்சம். கவனிக்கவேண்டியது அதைத்தான்.

படி 1: ஒரு சுவரைத் தெரிவு செய்யுங்கள்

ஒன்றே ஒன்று போதும். நான்கு சுவருக்கும் நான்கு நிறம் அடித்தால் குசினி முன்பள்ளி வகுப்பறை மாதிரி ஆகிவிடும். வாசலில் நிற்கும்போது நேரே தெரிகிற, யன்னல் வெளிச்சம் விழுகிற சுவர் நல்லது. விறகடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் வேண்டாம். எந்த நிறம் அடித்தாலும் புகை தின்றுவிடும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதையும் விடுங்கள். ஈரம் ஏறுகிற சுவரில் பெயின்ற் பொரிந்து உரியும்.

நிறங்கள் மூன்று: கடும் நீலம், மஞ்சள், செம்மண் நிறம். சுவருக்கு ஒன்று, மற்ற இரண்டும் சாமான்களில் வரட்டும். மிச்சச் சுவர்கள் வெள்ளையாகவே இருக்கட்டும்.

படி 2: கழுவிப் பூசுதல்

சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்புச் சுவர். அதன் மேலே நேரே எமல்ஷன் அடித்தால் பொருக்குப் பொருக்காக விழும். அப்படிப்பட்ட சுவருக்குத் திரும்பவும் சுண்ணாம்பே அடிக்கலாம். வெள்ளையடிக்கும்போது நீலம் கலப்பது நமக்குப் புதிதல்ல. கடும் நிறம் வேண்டுமென்றால் ஹார்ட்வெயார் கடையில் சுண்ணாம்புக்கு ஏற்ற நிறத்தூள் கேட்டு வாங்குங்கள். ஈரத்தில் கடுமையாகத் தெரிவது காய்ந்ததும் வெளிறும், எனவே ஒரு மூலையில் பூசிக் காயவிட்டுப் பார்த்துவிட்டு முழுவதும் அடியுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பெயின்ற் அடித்த சுவரென்றால் வேலை சுலபம். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நல்ல தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். சான்ட் பேப்பரால் மெல்லத் தேயுங்கள். 10 அடிக்கு 9 அடிச் சுவர் 90 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு ஏறத்தாழ 2 லீற்றர் போதும். கழுவக்கூடிய எமல்ஷன் என்று கேட்டு வாங்குங்கள்.

படி 3: ரைல்ஸ்

மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் செய்யப்படும் தலவேரா ஓடுகள்தான் இந்தப் பாணியின் முகம். ஸ்பானியர் கொண்டுபோன கைவேலை அது. 2019 இல் ஸ்பெயினின் மட்பாண்டக் கலையோடு சேர்த்து யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது. அசலை இங்கே தேடி அலைய வேண்டாம். அதன் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரு வழி, 4 அங்குலச் சதுர ரைல்ஸை நீலம், வெள்ளை, மஞ்சள் என்று கலந்து சிங்க்குக்கு மேலே ஒரு பட்டையாகப் பதிப்பது. 5 அடி நீளம், 1 அடி உயரத்துக்கு 45 துண்டு வேண்டும். உடைவுக்கும் சேர்த்து 50 வாங்குங்கள். பதிக்க மேசனைப் பிடியுங்கள்.

மற்ற வழிதான் எனக்குப் பிடித்தது: சுவரில் இருக்கிற வெள்ளை ரைல்ஸிலேயே பூ அச்சடிப்பது. தலவேரா ஓடுகள் பலவற்றில் ஒரு ஓட்டில் முழுப் பூ இருக்காது. மூலையில் கால் பூ மட்டும் இருக்கும். நான்கு ஓடுகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு பூ விரியும். ஆகவே நீங்கள் வெட்டவேண்டிய அச்சும் கால் பூதான். வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்றே படம் இதற்கு அருமையானது: தடிப்பு அளவானது, பெயின்றில் ஊறாது, துடைத்துத் துடைத்துப் பாவிக்கலாம். ரைல்ஸ் அளவுக்கு அதைச் சதுரமாக வெட்டி, ஒரு மூலையில் கால்வட்டமும் அதற்குள் இரண்டு இதழும் வரைந்து, கூரான பிளேட்டால் வெட்டியெடுங்கள். இதழ்களுக்கு நடுவே வெட்டாத சிறு பாலம் விடாவிட்டால் அச்சு துண்டு துண்டாகக் கழன்றுவிடும்.

நம் கிணற்றுத்தண்ணீர் ரைல்ஸில் வெள்ளைப் படலமாகக் கட்டியிருக்கும். அதைத் தேசிக்காய்ப் பாதியாலோ வினாகிரியாலோ தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு மெல்லிய சான்ட் பேப்பரால் பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். அச்சை நாடாவால் ஒட்டி, சிறு ஸ்பொஞ்சில் நீல எனாமல் பெயின்றைத் தொட்டு, முதலில் பழைய பத்திரிகையில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த ஸ்பொஞ்சால் சுவரில் ஒற்றுங்கள். இழுக்கக் கூடாது, ஒற்ற மட்டும்தான். பெயின்ற் கூடினால் அச்சின் விளிம்புக்கு அடியில் ஓடிப் பூ புழுதியில் விழுந்ததுபோல் கலங்கிவிடும். நடுப்புள்ளிக்கு மஞ்சள், நீலம் காய்ந்த பிறகு, மறுநாள். காஸ் அடுப்புக்கு நேர் பின்னால் இதைச் செய்யாதீர்கள். ஒரு கிழமைக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி.

படி 4: தட்டும் சாமானும்

மூடிய அலுமாரியில் எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் இந்தப் பாணி வராது. ஒரு திறந்த தட்டு வேண்டும். பழைய வீடு பிரித்த இடத்தில் பனஞ்சிலாகைத் துண்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்து, இரும்புத் தாங்கியில் முடுக்கி, எண்ணெய் பூசினால் அந்தக் கறுப்புக்கோடுகளே அலங்காரம்.

தட்டில் மண்சட்டிகள், பனையோலைப் பெட்டிகள், பழைய எனாமல் கோப்பைகள். மெக்சிக்கோ வீடுகளிலும் நீல எனாமல் பாத்திரம் சாதாரணம். அங்கே மெத்தாத்தே என்பது நம் அம்மிக்கு உறவு, எரிமலைக் கல்லில் மூன்று காலோடு செய்தது. உங்கள் அம்மியைக் கழுவி மூலையில் தெரியும்படி வையுங்கள், வேறொன்றும் வாங்கவேண்டாம்.

படி 5: மிளகாய்ச் சரம்

மிளகாயின் பிறந்தவீடு மெக்சிக்கோ. போர்த்துக்கேயர் வழியாகத்தான் நமக்கு வந்தது. காம்போடு உள்ள நீளச் செத்தல் மிளகாயாகப் பொறுக்கி, காம்புக்குள்ளே ஊசியை விட்டு, மூன்று மூன்றாகத் திசை மாற்றிக் கோருங்கள். இரண்டு அடிச் சரம் போதும். மாரி மழை தொடங்கியதும் கழற்றிவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்கும். கோர்த்த கையால் கண்ணைத் தொடவேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லைதானே.

படி 6: கடதாசித் தோரணம்

புவெப்லா மாநிலத்தில் உவிக்ஸ்கொலொத்லா என்ற ஊர்க்காரர் மெல்லிய தாள்களை அடுக்கி வைத்து உளியால் வெட்டித் தோரணம் செய்கிறார்கள். நமக்குப் பட்டம் கட்டும் கலர்த்தாளும் கத்தரிக்கோலும் போதும். தாளை நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, மடிப்பில் முக்கோணமும் அரைவட்டமும் வெட்டி, விரித்து, மேல்விளிம்பை நூலின் மேல் மடித்து ஒட்டுங்கள். யன்னலோரம் மட்டும் கட்டுங்கள், அடுப்புப் பக்கம் கூடவே கூடாது. எண்ணெய்ப் புகை ஏறித் தாள் மங்கியதும் கழற்றிவிட்டுப் புதிதாக வெட்டிக் கட்டுங்கள்.

கடைசியாகச் செடி. நாகதாளியின் இனம் மெக்சிக்கோக் கொடியிலேயே இருக்கிறது. அங்கே அதைக் கறியும் வைப்பார்கள். முள்ளுச்செடி வீட்டுக்குள் கூடாது என்பவர்கள் இருந்தால் சண்டை வேண்டாம், யன்னலுக்கு வெளித்திட்டில் சட்டியோடு வையுங்கள். இல்லையென்றால் கற்றாழை. இரண்டுக்கும் தண்ணீர் குறைவாக விட்டால் போதும்.