'சேஃப்' என்ற சொல்லில் கவனிக்க வேண்டியவை

'சேஃப்' என்றால் பாதுகாப்பான என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பெயர்ச்சொல்லாக வந்தால் அது பணம், நகை வைக்கும் இரும்புப் பெட்டகம். பன்மை 'சேஃப்ஸ்'. 'லீஃப், லீவ்ஸ்' மாதிரி 'சேவ்ஸ்' ஆக்கினால் 'காப்பாற்றுகிறார்' என்றாகிவிடும்.

'சேஃப்' என்பதற்கு அடுத்து வரும் சொல்லில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'சேஃப் ஃபார் சில்ட்ரன்' என்றால் குழந்தைகளுக்கு ஆபத்தில்லாதது. 'சேஃப் ஃப்ரம் சில்ட்ரன்' என்றால் குழந்தைகளிடமிருந்து தப்பித்தது! மருந்து, பொம்மை பற்றி எழுதும்போது இது சின்ன விஷயமில்லை.

'சேஃப் அண்ட் சவுண்ட்' என்பதில் சத்தத்துக்கு வேலையே கிடையாது. அங்கே 'சவுண்ட்' என்றால் சேதமில்லாமல், நலமாக. பயணம் போனவர் பத்திரமாக வந்து சேர்ந்ததும் சொல்வது. 'பிளே இட் சேஃப்' என்றால் ரிஸ்க் எடுக்காமல் நடந்துகொள்வது.