கவுன்சிலுக்கு எழுதும்போது நாம் விடும் பிழைகள்

பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் எக்ஸ்டென்ஷன் போட்டு வீட்டை நீட்டப் போகிறார் என்று, நம் உள்ளூராட்சி சபையான கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வரும். பாதிப் பேர் அதைப் பீட்சாக் கடை விளம்பரத்தோடு சேர்த்துத் தொட்டியில் போட்டுவிடுவோம். மீதிப் பேர் கோபத்தோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி அனுப்புவோம், அந்த இரண்டு பக்கத்தில் கவுன்சில் கணக்கில் எடுக்கக்கூடிய வரி ஒன்றுகூட இருக்காது. அனுமதி கிடைத்ததும் "இவங்கள் ஆரையும் கேக்கிறேல்லை" என்று கோயில் வாசலில் நின்று சொல்லுவோம். கேட்கிறார்கள். எதைப் பற்றிக் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள் என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். (இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து விதிகள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வேறு.)

முதலில் காரணங்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பிளானிங் விண்ணப்பத்தை, அதாவது கட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை, அந்தக் கவுன்சிலின் வளர்ச்சித் திட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதிலிருந்து விலக வேண்டுமென்றால் பிளானிங் சார்ந்த காரணம் இருக்க வேண்டும். வெளிச்சம் மறைவது, யன்னலுக்குள் எட்டிப் பார்க்கக்கூடியதாக இருப்பது, கார் நிறுத்த இடம், வீதிப் பாதுகாப்பு, சத்தம், தெருவின் தோற்றத்தோடு பொருந்தாத அளவு, இவையெல்லாம் செல்லும். நம் வீட்டு விலை விழும் என்பது செல்லாது. என் யன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பதும் செல்லாது. கட்டுகிறவர் நல்ல மனுஷன் இல்லை, காசு பார்க்கத்தான் கட்டுகிறார், வேலை நடக்கும்போது தூசி பறக்கும், ஒன்றும் செல்லாது. எல்லைத் தகராறு அறவே செல்லாது. அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான தனிப்பட்ட வழக்கு. வேலிச் சண்டையை யாழ்ப்பாணத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கியவர்கள் நாம், அதனால் இதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

சரி, எப்படி எழுதுவது? "இந்தக் கட்டடம் எங்களுக்குப் பெரிய இடைஞ்சல், தயவுசெய்து அனுமதிக்க வேண்டாம்" என்று எழுதினால் அதிகாரி அதை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அதற்குப் பதிலாக, கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷன் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு உயரம், உங்கள் எந்த அறையின் யன்னலுக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்து, "எங்கள் சாப்பாட்டு அறைக்கு இருப்பது இந்த ஒரே யன்னல், உங்கள் வழிகாட்டி சொல்லும் 45 டிகிரி கோட்டை இந்தச் சுவர் தாண்டுகிறது" என்று நான்கு வரி எழுதுங்கள். பல கவுன்சில்களின் வீட்டு எக்ஸ்டென்ஷன் வழிகாட்டியில் இந்த 45 டிகிரிக் கணக்கு இருக்கிறது. உங்கள் யன்னலிலிருந்து சரிவாக ஒரு கோடு இழுத்து, புதுச் சுவர் அதை மறிக்கிறதா என்று பார்ப்பதுதான் விஷயம். அதிகாரி தன் அறிக்கையில் இதற்குப் பதில் எழுதாமல் தப்ப முடியாது. இன்னொன்று, நீங்கள் எழுதுவது இணையத்தில் போகும், பெரும்பாலும் பெயரோடும் முகவரியோடும். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அவரிடம் நேரே சொல்ல முடியாததை அங்கே எழுதாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே கடிதத்தைச் சுற்றுக்கு விட்டு நூறு பேர் பெயரை மாற்றி அனுப்புவது நமக்குக் கைவந்த கலை. நூறு பேர் சொன்னாலும் காரணம் ஒன்றுதான், அதன் கனம் கூடாது. சில கவுன்சில்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்சேபம் வந்தால் விண்ணப்பம் கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் பிளானிங் கமிட்டிக்குப் போகும், அந்த ஒரு பயன் உண்டு. அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது நேரம். கருத்துச் சொல்ல 21 நாள். சாதாரண விண்ணப்பத்துக்கு 8 கிழமையில் முடிவு, பெரிய திட்டங்களுக்கு 13 கிழமை. கடிதம் வரவில்லையே என்று வாதாடிப் பயனில்லை, சாதாரண விண்ணப்பத்துக்குத் தெருவிளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளைக் கட்டிவிட்டாலே பல சமயம் சட்டத்துக்குப் போதும். நாய் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது முதலில் கண்ணில் படும். விண்ணப்பங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கமிட்டியைப் பார்ப்பதே இல்லை, அதிகாரிகளே முடிவெடுக்கிறார்கள். கமிட்டிக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் உங்கள் வட்டாரக் கவுன்சிலர் அதைக் கேட்டு வாங்க வேண்டும், அதற்கும் ஒரு கெடு உண்டு. ஆகவே முதல் கிழமையிலேயே அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள்.

ஆனால் பிளானிங் கமிட்டியிலேயே இருக்கும் கவுன்சிலரைப் பிடித்து, "அண்ணை, நீங்கள் எங்கட பக்கம்தான் கை தூக்க வேணும்" என்று கேட்பது மகா பிழை. அவரும் ஊர்ப் பாசத்தில் "கட்டாயம், யோசிக்காதேங்கோ" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டால், விஷயத்தைக் கேட்கும் முன்பே முடிவெடுத்துவிட்டார் என்று ஆகி, அன்றைக்கு அவர் விலகி உட்கார வேண்டிவரலாம். அப்படியானால் உங்களுக்கு இருந்த ஒரு வாக்கும் போச்சு. கமிட்டியில் இல்லாத கவுன்சிலரை உங்களுக்காகப் பேசச் சொல்லுங்கள். நீங்களும் பேசலாம், முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், பல இடங்களில் மூன்று நிமிடம்தான். அந்த மூன்று நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்தை வணக்கம் சொல்வதில் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

"அதெல்லாம் அனுமதி தேவையில்லாத வேலை" என்று நினைத்து விட்டுவிடுவது இன்னொரு பொறி. ஒட்டிய வீடுகளில் 3 மீட்டர் வரை ஒருமாடிப் பின் எக்ஸ்டென்ஷனுக்கு முழு விண்ணப்பம் வேண்டியதில்லை. அதற்கு மேல் 6 மீட்டர் வரை போக முன் ஒப்புதல் என்று ஒரு முறை இருக்கிறது, அயலவருக்கு அறிவித்தல் வரும். இதில் கவனிக்க வேண்டியது, எல்லையை ஒட்டிய அயலவர் ஒருவராவது ஆட்சேபித்தால் மட்டுமே கவுன்சில் அயலவருக்கு வரும் பாதிப்பை எடைபோட முடியும். நீங்கள் சும்மா இருந்தால், மற்ற விதிகள் பொருந்துகிற வரை அது தானாக நடக்கும்.

கட்டுகிற பக்கத்திலும் பிழை குறைவில்லை. தோட்டத்தில் கொட்டில் போடலாம், எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் என்றால் உயரம் 2.5 மீட்டருக்கு மேல் போகாமல். அதற்குள் குசினியும் கட்டிலும் போட்டு வாடகைக்கு விட்டால் அது கொட்டில் இல்லை, தனி வீடு. "நாலு வருஷம் பிடிபடாமல் இருந்தால் சரி" என்று இன்னும் சொல்கிறார்கள். அந்த நாலு வருட விதி 2024 ஏப்ரல் 25ஓடு போய்விட்டது, அந்தத் திகதிக்கு முன் முடிந்த வேலைகளைத் தவிர இப்போது பத்து வருடம். ஒளித்து வைத்தால் அதுவும் உதவாது: சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி அவற்றுக்குப் பின்னால் ஒரு கோட்டை வீட்டையே கட்டி வருடக்கணக்கில் மறைத்து வைத்தார், கடைசியில் நீதிமன்றம் வரை போய் 2016இல் இடித்தார்.

கோயில், தமிழ்ப் பள்ளி, கலியாண மண்டபம் என்று பழைய கிடங்கு ஒன்றை எடுக்கும் நிர்வாகங்கள் செய்வது இதைவிடப் பெரிது. குத்தகையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். கிடங்கை வழிபாட்டு இடமாக்க அனுமதி வேண்டும், கிடைக்காவிட்டால் வாடகை மட்டும் ஓடும். கிடைக்க வேண்டுமே என்பதற்காக "ஐம்பது பேர்தான் வருவார்கள்" என்று குறைத்து எழுதினால், அந்த ஐம்பதே நிபந்தனையாகத் திரும்பி வரும், அப்புறம் நவராத்திரிக்கு வாசலில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கூட்டம் அதிகமாக வரும் நாளை வைத்தே எழுதுங்கள், அன்றைக்குக் கார்கள் எங்கே நிற்கும் என்றும் சேர்த்து. அயலவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

இனிப் பொதுச்சேவைகள். நூலகம் மூடுகிறார்கள், முதியோர் பகல் நிலையம் மூடுகிறார்கள் என்றால் நாம் பூட்டுப் போட்ட பிறகு படம் எடுத்துப் போடுகிறோம். கவுன்சில் தன் வரவுசெலவை மார்ச் 11க்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது சட்டம், அதனால் வெட்டுகள் பற்றிய கருத்துக்கேட்பு பெரும்பாலும் அதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலும் குளிரிலும் நடக்கும். அதில் "மூடாதீர்கள்" என்று மட்டும் எழுதாமல், யார் எந்த நாள் எந்த பஸ்ஸில் அங்கே வருகிறார்கள், மூடினால் என்ன ஆவார்கள் என்று எழுதுங்கள். ஒன்லைன் படிவம் நிரப்பத் தெரியாத, ஆங்கிலம் வராத அம்மாவைப் பற்றி எழுதுவது ஒப்பாரி இல்லை. வயது, உடற்குறை, இனம் ஆகியவற்றால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று கவுன்சில் பார்த்தே ஆக வேண்டும், 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு அது.

கருத்துக்கேட்பு வெறும் கண்துடைப்பு என்று சொல்பவர்களுக்கு இரண்டு வழக்குகள். நம்மவர்கள் நிறைய இருக்கும் லண்டன் பிரென்ட் கவுன்சில் மீது 1985இல் வந்த பள்ளிக்கூட வழக்கிலிருந்துதான் அடிப்படை விதிகள் பிறந்தன: யோசனை இன்னும் உருவாகும் நிலையிலேயே கேட்க வேண்டும், போதிய விவரமும் நேரமும் தர வேண்டும், வந்த பதிலை உண்மையாகவே பரிசீலிக்க வேண்டும். ஹாரிங்கே கவுன்சில் வரிச் சலுகையைக் குறைக்க நடத்திய கருத்துக்கேட்பு, வேறு வழிகளும் இருந்தன என்பதை மக்களுக்குச் சொல்லாததால் பிழை என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆகவே படிவத்தில் மாற்று வழி எதையும் காட்டவில்லை என்றால் அதையே ஒரு குறையாக எழுதுங்கள். அதேநேரம் காசே இல்லாத கவுன்சிலோடு மல்லுக்கட்டுகிறீர்களா என்றும் பாருங்கள்: 2020இல் குரொய்டன், 2023இல் பர்மிங்ஹாம் இரண்டும் வரவுசெலவைச் சமன்செய்ய முடியவில்லை என்று அறிவித்தன. 2023இல் குரொய்டனில் கவுன்சில் வரி 15 சதவீதம் ஏறியது. அப்படிப்பட்ட இடத்தில் சட்டப்படி செய்தே ஆக வேண்டியது எது, விரும்பினால் செய்வது எது என்று பிரித்துப் பேசினால்தான் எடுபடும்.

கதவு மாறித் தட்டுவதும் உண்டு. லண்டனில் பஸ் வழித்தடம் கவுன்சிலின் கையில் இல்லை. லண்டனுக்கு வெளியே பல இடங்களில் நூலகமும் வீதியும் மாவட்டத்துக்கு மேலுள்ள கவுண்டி கவுன்சிலுடையது, குப்பையும் பிளானிங்கும் கீழுள்ளதுடையது. இதை ஒன்றாக்கும் வேலை இப்போது நடக்கிறது, எனவே கடிதம் எழுதும் முன் யாருடையது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்த பிறகு? விண்ணப்பித்தவருக்கு மேல்முறையீடு உண்டு, வீட்டு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 12 கிழமைக்குள். ஆட்சேபித்த அயலவருக்கு மேல்முறையீடே கிடையாது. நீதிமன்றம் போகலாம், 6 கிழமைக்குள், நல்ல செலவோடு. கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஒம்புட்ஸ்மனிடம் 12 மாதத்துக்குள் முறையிடலாம், ஆனால் முதலில் கவுன்சிலிடமே புகார் செய்திருக்க வேண்டும், அவராலும் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. வீட்டு விண்ணப்பத்தில் விண்ணப்பித்தவர் மேல்முறையீடு செய்தால் பொதுவாக உங்களிடம் புதிதாக எதுவும் கேட்கமாட்டார்கள். நீங்கள் முதலில் அந்த 21 நாளில் எழுதி அனுப்பியதைத்தான் மேல்முறையீட்டை முடிவுசெய்யும் பரிசோதகர் எடுத்து வாசிப்பார்.