சனிக்கிழமை 4 மணிக்கு ஓர் ஆள்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுவது என் வேலை. விடியுமுன் தோட்டத்துக்குப் போனால், பால் எடுத்து ஷீட் அடித்து வீடு திரும்ப 11 மணி ஆகும். மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் உண்டு. மாலைக்குள் எனக்குக் கண் சொருகும், மனைவிக்கு இடுப்பு ஒடிந்திருக்கும். அதனால்தான் வெளியாள் உதவி தேடினோம்.

முதல் தடவை கேட்கத் தெரியாமல் கேட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து, "எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராவது உதவுங்கள்" என்றேன். பலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டு பேர் நாட்டு மருந்து சொன்னார்கள், வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. எவ்வளவு நேரம், அடிப்பானா, ஓடுவானா என்று எதையுமே நான் சொல்லவில்லையே! எடை தெரியாத சுமட்டை யார் தலையில் ஏற்றுவார்?

ஆகவே அளந்து கேளுங்கள். இரண்டாம் முறை நாங்கள் கேட்டது: சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை, மூன்று மாதம், எங்கள் வீட்டுத் திண்ணையில், நாங்களும் வீட்டில் இருப்போம். இதைக் கடிதமாக எழுதி ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் கொடுத்தேன். அத்திட்டத்தில் சேரும் மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். நம் பிள்ளையோடு இருக்கும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். ஒரு மாணவியும் ஒரு மாணவனும் வந்தார்கள்.

வருகிறவர்கள் கையில் கொடுக்கப் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மருத்துவர் எழுதியதைப் படியெடுக்க வேண்டாம். எங்கள் தாளில் இருப்பது: பேச மாட்டான், தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் கையைப் பிடித்துக் குடத்தின்மேல் வைப்பான். மிக்ஸி, சிங்காரி மேளம், தகரக் கூரையில் மழை, இவற்றுக்குக் காதைப் பொத்துவான். பேச்சுக் கொடுக்காமல் உள்ளறைக்குக் கூட்டிப்போங்கள். பால் பிடிக்கும் சிரட்டைகளை வரிசையாக வைப்பான், கலைக்காதீர்கள்.

கடைசி வரி சிவப்பு மையில்: சானல், அதாவது கால்வாய். வீட்டுக்குப் பின்னால் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர்மேல் ஈர்ப்பு. சொல்லாமல் நழுவி, மூழ்கிப்போகும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். அவனைக் காணவில்லை என்றால் முதலில் சானல் கரைக்கு ஓடுங்கள், கட்டிலுக்கு அடியில் பிறகு பார்க்கலாம்.

குளிப்பாட்டுவதும் கக்கூஸுக்குக் கூட்டிப்போவதும் எங்கள் வேலை மட்டுமே, அவர்கள் அவனோடு இருக்கும் அறையின் கதவு எப்போதும் திறந்திருக்கும். இதை முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். நல்ல பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பேச்சுப் பயிற்சியை அவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பயிற்சிச் செலவுக்கும் அதில் இடமுண்டு.

முதல் நாள் மாணவி மிட்டாய் நீட்டி ஓயாமல் பேச்சுக் கொடுத்தாள். மகன் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். மாணவன் ஒன்றும் பேசாமல் தள்ளி அமர்ந்து, உடைந்த சிரட்டைகளைப் பொறுக்கித் தனக்கென ஒரு வரிசை வைத்தான். மூன்றாம் சனிக்கிழமை அந்த வரிசையில் மகன் ஒரு சிரட்டையைக் கொண்டு வைத்தான். மாணவியும் இப்போது சிரட்டையோடுதான் உட்காருகிறாள்.

தேர்வுக் காலத்தில் வர மாட்டார்கள், அதற்கும் தயாராக வேண்டும். காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில் அவர்கள் படத்தை ஒட்டியிருக்கிறோம். வராத வாரம், வெள்ளிக்கிழமை இரவே அவன் கண்முன் படத்தை எடுத்துவிடுகிறோம். ஒருமுறை மறந்துபோனோம். அன்று ஆறு மணி வரை அவன் வாசற்படியை விட்டு எழவில்லை.