கர்நாடக இசைப் பாடல்களுக்குச் சுரக்குறிப்பு எழுதி அச்சுக்குக் கொடுக்கும் முறை

பாடலைச் சுரப்படுத்தி நம் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது ஒரு வேலை. நம்மிடம் பாடம் கேட்டே இராத ஒருவர் அதை எடுத்துப் பாடும்படி அச்சிடுவது முற்றிலும் வேறு வேலை. நோட்டில் விட்டுப்போனதைக் காதும் நினைவும் நிரப்பிவிடும். அச்சுப் பக்கத்தில் எழுத்தும் புள்ளியும் கோடும் எண்ணும்தான் ஆசிரியர். அவை இரண்டு பொருள் தந்தால் பாடுகிறவர் தவறுவார். தவறினோம் என்பதும் அவருக்குத் தெரியாது.

கர்நாடக இசைக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே எழுத்து முறை இல்லை. 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' ஒரு முறையை மிக நுணுக்கமாக வகுத்தது. சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் பல பகுதிகளாகக் கொண்டுவந்தது. மற்றத் தமிழ்ப் பாடநூல்கள் பெரும்பாலும் இதைவிட எளிய குறிகளோடு நின்றுகொண்டன. இணையத்தில் ரோமன் எழுத்தில் பரவும் குறிப்புகளோ தட்டச்சுப் பலகையில் கிடைத்த குறிகளை வைத்துத் தமக்கென ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டன. ஆகவே நான்கு இடங்களிலிருந்து பாடல்களைத் திரட்டி ஒரு தொகுப்பு போடுகிறவர், தாம் அறியாமலே நான்கு முறைகளை ஒரே அட்டைக்குள் கலந்துவிடுகிறார். நானும் அப்படித்தான் ஒரு விழா மலருக்காக மூன்று ஆசிரியர்களின் நோட்டுகளை உள்ளது உள்ளபடியே தட்டச்சு செய்து கொடுத்தேன். மலர் வெளிவந்த பிறகு அதைப் பார்த்துப் பாடிய ஒரு மாணவி நடுவில் தாளம் விட்டு நின்றபோது, பிழை அவளுடையது அன்று என்பது எனக்குப் புரிந்தது. கீழே எழுதியுள்ளவை அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட வழிமுறைகள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது சுரஸ்தான எண், அதாவது ஒரு சுரத்தின் எந்த வகை என்று காட்டும் எண். இதில்தான் பெரிய விபத்து நேர்கிறது. தமிழில் இரண்டு எண் முறைகள் புழங்குகின்றன. ஒன்று, 12 சுரஸ்தானங்களை மட்டும் கணக்கில் கொண்டு ரி, க, ம, த, நி ஒவ்வொன்றுக்கும் 1, 2 என்று இரண்டு எண் தருவது. இதில் க1 சாதாரண காந்தாரம், க2 அந்தர காந்தாரம். மற்றொன்று, 16 சுரப்பெயர்களையும் கணக்கில் கொண்டு ரி, க, த, நி ஆகியவற்றுக்கு 1, 2, 3 என்று மூன்று எண் தருவது. இதில் க1 சுத்த காந்தாரம், க2 சாதாரண காந்தாரம், க3 அந்தர காந்தாரம். முதல் முறையில் எழுதிய சங்கராபரணம் 'ச ரி2 க2 ம1 ப த2 நி2' என்று இருக்கும். இரண்டாம் முறையில் பழகிய ஒருவர் அதே வரியை அப்படியே படித்தால் அவர் பாடுவது கரகரப்பிரியா. அதே வழியில் கல்யாணி ஹேமவதியாகும், மாயாமாளவகௌளை தோடியாகும். தெரிந்த ராகம் என்றால் காது திருத்திவிடும். அபூர்வ ராகத்தில், புதிதாகக் கற்கிறவருக்கு, அந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டில் எதைக் கொள்வது என்றால் நான் தயங்காமல் 16 பெயர் முறையையே சொல்வேன். 72 மேளங்களில் (தாய் ராகங்களில்) 40 விவாதி மேளங்கள். அவற்றில் வரும் சுத்த காந்தாரத்துக்கும் ஷட்சுருதி ரிஷபத்துக்கும் 12 எண் முறையில் இடமே இல்லை. மற்றொரு முறையில் இருக்கும் மூலத்தை எடுக்கும்போது எண்ணை மாற்றி எழுதுங்கள்: க1, க2 என்பவை முறையே க2, க3 ஆகும், நி1, நி2 என்பவை நி2, நி3 ஆகும், ரி, ம, த மாறாமல் நிற்கும். மாற்றிய பின் ஆரோகண அவரோகணத்தை ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். எண்ணைப் பாடல் முழுதும் ஒவ்வொரு சுரத்தோடும் ஒட்டத் தேவையில்லை. தலைப்பின் கீழே ஆரோகண அவரோகணத்தில் ஒருமுறை தந்து, பிறகு அந்நிய சுரம் (அந்த ராகத்துக்கு உரியதல்லாத சுரம்) வரும் இடத்தில் மட்டும் தருவது பக்கத்தைத் தெளிவாக வைக்கும்.

அடுத்தது கால அளவு. தமிழ் எழுத்துக்கு இங்கே ஓர் இயல்பான வசதி உண்டு: குறில் ஓர் அட்சரம் (கால அலகு), நெடில் இரண்டு. கார்வைக்கு, அதாவது சுரத்தை நீட்டி நிறுத்துவதற்கு, காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. ஆனால் ரோமன் எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு தெரியாததால், அங்கே நீளம் முழுவதையும் பெரும்பாலும் காற்புள்ளியே சுமக்கிறது. இந்த இரண்டும் ஒரே வரியில் கலந்தால் கணக்கு உடைந்துவிடும். மோகனத்தில் 'வரவீணா' கீதத்தின் முதல் ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு சுற்றை) எடுத்துக்கொள்ளுங்கள். ரூபக தாளம், அதன் உறுப்புகளான திருதத்துக்கு 2, லகுவுக்கு 4, ஆக 6 அட்சரம்.

க க | பா பா ||
க க | ப , ப , ||

இரண்டும் சரி, இரண்டிலும் 6. ரோமன் மூலத்திலிருந்து காற்புள்ளியை அப்படியே வைத்துக்கொண்டு, பாடும்போது 'பா' என்றுதானே வருகிறது என்று எழுத்தை மட்டும் நெடிலாக்கினால் 'க க | பா , பா , ||' என்று ஆகி 8 அட்சரமாக வீங்கிவிடும். எங்கள் மலரில் நேர்ந்த பிழையும் இந்த வகைதான். நெடிலைக் கொள்வதானால் 'பா ,' என்பது மூன்று, 'பா ;' என்பது நான்கு என்று தொகுப்பு முழுவதும் நிற்க வேண்டும். மேலும், குறில் ஒன்றுக்கு ஓர் அட்சரம் என்பது கீதத்துக்குப் பொருந்தும். கிருதிகளில் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கைக்குள் நான்கு குறில்கள் அடங்கும். ஆதலால் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் ஓர் எண்ணிக்கைக்கு எத்தனை குறில் என்பதை எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பல ஐயங்களைத் தீர்க்கும்.

ஸ்தாயியை, அதாவது சுரத்தின் மேல், கீழ் நிலையைக் காட்டும் புள்ளியில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி என்பது பரவலான வழக்கம். தலையில் புள்ளி வைத்த 'ச' தமிழ் வாசகர் கண்ணுக்கு 'ச்' என்ற மெய்யெழுத்து; 'க', 'ம', 'ப', 'த' நான்குக்கும் இதே கதி. சாகித்திய (பாடல் சொற்களின்) வரியில் மெய்யெழுத்துகள் உண்மையிலேயே வருவதால், சுர வரியும் சாகித்திய வரியும் ஒரே எழுத்துருவில் ஒரே அளவில் நின்றால் கண் ஏமாறும். கணினியில் இது இன்னும் மோசமாகிறது. விரைவுக்காகப் பலர் மெய்க்குரிய புள்ளியையே தட்டிவிடுகிறார்கள். 'ரி', 'நி' இரண்டிலும் அந்தப் புள்ளி ஏறாது, ஆகவே அங்கே வேறு ஏதோ ஒரு குறியைப் போடுகிறார்கள். யூனிகோடில் எழுத்தின் மேல் இடுவதற்கென்று 0307 என்ற தனிப் புள்ளியும், கீழே இடுவதற்கு 0323 என்ற புள்ளியும் இருக்கின்றன. ஆனால் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அவை இடம் விலகி விழும். எனவே முதல் வேலையாக, தேர்ந்தெடுத்த எழுத்துருவில் ஏழு சுரங்களையும் குறிலிலும் நெடிலிலும் இரு புள்ளிகளோடும் தட்டி, ஒரு தாளில் அச்செடுத்துப் பாருங்கள். சரியாக வராவிட்டால், மேல் ஸ்தாயிச் சுரத்துக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி இட்டு, அதை முன்பக்கத்தில் அறிவித்துவிடுவது நல்லது. அழகு சற்றுக் குறையும், பொருள் மாறாது.

கோடுகளிலும் இதே கவனம் வேண்டும். சுரங்களின் மேல் ஒரு கோடு இட்டால் காலம் பாதியாகும், இரண்டு கோடு இட்டால் கால்பங்காகும் என்பது மரபு. மேற்கோடு போடுவது தட்டச்சில் தொல்லை என்பதால் சிலர் அடிக்கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். இந்துஸ்தானி இசையில் பரவலாக உள்ள பாத்கண்டே முறையில் எழுத்தின் அடிக்கோடு கோமள (தாழ்ந்த) சுரத்தைக் குறிக்கும். இரு மரபையும் படிக்கிற மாணவர்கள் இன்று நிறைய உண்டு. அவர்கள் கையில் அடிக்கோடு சுரத்தையே மாற்றிவிடும். மேற்கோட்டையே இடுங்கள். 'ரி', 'நி' எழுத்துகளின் மேல் வளைவுகளும் ஸ்தாயிப் புள்ளியும் கோட்டில் முட்டாதபடி வரிகளுக்கு இடையே கூடுதல் இடம் விடுங்கள்.

சாகித்திய வரியில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களை எழுதும்போது வல்லினத்தின் நான்கு ஒலிகளைக் காட்ட 2, 3, 4 என்ற எண்களை எழுத்தின் தோளில் வைப்பது தமிழ் நூல்களின் நீண்டகால வழக்கம். அதன்படி க³ என்பது வர்க்கத்தின் மூன்றாம் ஒலி. மேல் வரியில் அதே 'க', அதே 3, அந்தர காந்தாரம். ஒரே பக்கத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து இரண்டு பொருள் தருவதை அனுமதிக்கக் கூடாது. சுரஸ்தான எண்ணை எழுத்தின் காலடியிலும் ஒலி எண்ணைத் தோளிலும் வைப்பது என்ற பிரிவை நான் எங்கும் மீறுவதில்லை.

பக்க அமைப்பில் ஒரு விதி போதும்: இடைவெளியை ஸ்பேஸ் பார் தட்டி உண்டாக்காதீர்கள். 'நீ'யும் 'த'வும் ஒரே அகலம் அல்ல. எழுத்துரு மாறியவுடன் எல்லாம் சரிந்துவிடும். கோடு தெரியாத அட்டவணை போட்டு, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, மேல் வரிசையில் சுரமும் கீழ் வரிசையில் அதற்கு நேராகச் சாகித்தியமும் அமையுங்கள். ஆதி தாளமானால் லகுவின் 4 கட்டங்கள் ஒரு வரியிலும், இரு திருதங்களின் 4 கட்டங்கள் அடுத்த வரியிலும் அமைவது படிக்க எளிது. ஆவர்த்தனத்தை நடுவில் முறித்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். வீணையோ வயலினோ கையில் வைத்திருப்பவரால் அந்த நொடியில் பக்கம் திருப்ப முடியாது.

கமகக் குறிகளை, அதாவது சுரத்தின் அசைவைக் காட்டும் குறிகளைப் பற்றி என் கருத்து சிலருக்கு ஏற்காமல் இருக்கலாம். பிரதர்சினி கம்பிதத்துக்கு (சுரத்தை அசைப்பதற்கு) அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் (மேலோ கீழோ வழுக்கிச் செல்வதற்கு) எதிரெதிர்ச் சாய்கோடுகள் என்று ஒவ்வொன்றுக்கும் குறி தந்தது. அதை முழுவதும் கையாளத் தெரிந்தவர் முழுவதும் கையாளட்டும். பாதி தெரிந்து ஆங்காங்கே அலைக்கோடு தூவுவது கேடு. குறி இல்லாத சுரமெல்லாம் அசைவின்றி நிற்க வேண்டும் என்று வாசகர் எண்ணிக்கொள்வார். அந்த நிலையில், 'கமகங்கள் குறிக்கப்படவில்லை' என்று முன்பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவிடுவதே நேர்மை. எந்தப் பாடாந்தரம் (குரு வழியில் வந்த பாட முறை) என்பதையும் அங்கேயே குறிப்பிடுங்கள்.

மெய்ப்பு பார்க்கும்போது பாடிப் பார்க்க வேண்டாம். முதலில் எண்ணிப் பாருங்கள். பாடினால் வாய் தானாகத் திருத்திக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு கட்டத்திலும் குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, காற்புள்ளிக்கு 1, அரைப்புள்ளிக்கு 2, மேற்கோட்டுக்குக் கீழே உள்ளதற்குப் பாதி என்று கூட்டி, எல்லாக் கட்டங்களிலும் ஒரே தொகை வருகிறதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே செல்லுங்கள். அது முடிந்த பின், அந்தப் பாடலைக் கேட்டிராத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்துத் தாளம் போட்டுச் சுரத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். உதவிக்குக் குரல் கொடுக்காதீர்கள். அவர் தயங்கும் இடத்தைத் தாளில் வட்டமிட்டு, அந்த வரியை மறுபடி எழுதுங்கள்.