முதல் முறை தோஹா போகிறீர்களா? மூன்று இரவு சொகுசுப் பயணத்தைத் திட்டமிடும் விதம்

வளைகுடா என்றதும் பலருக்கும் துபாய்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் கையில் மூன்று நாள்தான் இருக்கிறது, கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யலாம், ஆனால் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம் என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் தோஹாவைச் சொல்வேன். கத்தாரின் தலைநகரம் அளவில் கையடக்கமானது. பழைய சந்தை, இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள், வானளாவிய கட்டடங்கள் எல்லாமே கோர்னிஷ் எனப்படும் கடலோரச் சாலையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். மிச்சமாகும் நேரத்தை எப்படி நன்றாகச் செலவிடுவது என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

படி 1: மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மாலையில் மெல்லிய மேலாடை தேவைப்படும் அளவுக்குக் குளிரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கடல் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று போனால் அறையை விட்டு வெளியே வரவே மனம் வராது.

ரமலான் எப்போது வருகிறது என்று பாருங்கள். அந்த மாதத்தில் பகல் நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவதோ தண்ணீர் குடிப்பதோ கூடாது. இரவுகள் மிக அழகாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் முதல் பயணத்துக்கு வேறு மாதமே வசதி.

கிழமையும் முக்கியம். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி காலையில் ஜும்மா தொழுகை முடியும்வரை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அருங்காட்சியகங்களும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். அதனால் வெள்ளி மதியம் போய் இறங்கி, திங்கள் மாலை கிளம்புவது போல வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மூடியிருக்கும் நேரம் விமானத்தில் கழிந்துவிடும். சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு, ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். கத்தார் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்.

படி 2: விசாவையும் ஹோட்டலையும் ஒன்றாகப் பாருங்கள்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு தோஹாவில் இறங்கியதும் 30 நாள் அனுமதி கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. அதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்கும் நாட்கள் முழுவதற்குமான ஹோட்டல் பதிவு. அந்த ஹோட்டல் பதிவு 'டிஸ்கவர் கத்தார்' என்ற ஹோட்டல் பதிவுத் தளத்தின் வழியாகச் செய்ததாக இருக்க வேண்டும். வழக்கமாகப் பயன்படுத்தும் வேறு செயலியில் நூறு ரியால் குறைவாகக் கிடைக்கிறதே என்று அங்கே பதிவு செய்துவிடாதீர்கள்.

இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கத்தார் அரசின் 'ஹையா' என்ற விசா தளத்தில் முன்கூட்டியே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

படி 3: எந்தப் பகுதியில் தங்குவது

சொகுசுப் பயணத்தில் பெரிய செலவு இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து ஹோட்டலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காலையில் கதவைத் திறந்து வெளியே வந்தால் எங்கே நிற்பீர்கள் என்று பாருங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் தேர்வு முஷைரிப். பழைய தோஹாவின் நடுப்பகுதியை மறுபடி கட்டி எழுப்பிய பேட்டை இது. தெருக்கள் குறுகலாக, கட்டடங்களின் நிழல் விழும்படி அமைக்கப்பட்டவை. பகல் வெயிலிலும் நடக்க முடிகிறது. உள்ளேயே இலவச டிராம் ஓடுகிறது. மெட்ரோவின் சிவப்பு, பச்சை, தங்க வழித்தடங்கள் மூன்றும் சந்திப்பதும் இங்கேதான். மாண்டரின் ஓரியண்டல், பார்க் ஹயாத் இரண்டும் இந்தப் பகுதியில் இருக்கின்றன. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சூக் வாகிஃப் சந்தைக்கு நடந்தே போய் வரலாம்.

கடற்கரையும் நீச்சல் குளமும் வேண்டும் என்றால் ஷர்க் வில்லேஜ் நல்லது. பழைய கத்தாரி ஊர் போல, முற்றங்களும் மண்நிறச் சுவர்களுமாகக் கட்டியிருக்கிறார்கள். வெஸ்ட் பே பகுதியின் உயரமான ஹோட்டல்களில் காட்சி பிரமாதம், ஆனால் கீழே இறங்கினால் அகலமான சாலைகள்தான். அங்கே 1982-இல் திறந்த ஷெராட்டன், பிரமிடு வடிவில் இன்றும் தனித்துத் தெரிகிறது. வடக்கே உள்ள புதிய நகரமான லுசைல் பக்கம் வளைந்த இரட்டை வாள் போன்ற கத்தாரா கோபுரங்களில் ராஃபிள்ஸும் ஃபேர்மாண்டும் உள்ளன. பகட்டில் குறை சொல்ல முடியாது, ஆனால் பழைய நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது. படகில் போய்ச் சேர வேண்டிய பனானா தீவு ஓய்வு எடுக்கப் போகிறவர்களுக்கு. ஊர் பார்க்க வந்தவர்கள் அதில் தங்கினால் ஒவ்வொரு முறையும் படகுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

இன்னொன்று. சுமாரான ஹோட்டலில் பெரிய சூட் எடுப்பதைவிட, நல்ல ஹோட்டலில் சாதாரண அறை எடுப்பதே மேல். மூன்று நாளில் அறைக்குள் நீங்கள் விழித்திருக்கும் நேரமே கொஞ்சம்தான்.

படி 4: ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு பெரிய விஷயம்

இதுதான் திட்டத்தின் உயிர். ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், அதைச் சுற்றி சிறியவை. அவ்வளவுதான்.

வெள்ளி மாலை, சூக் வாகிஃப். விடுமுறை நாள் என்பதால் உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். மசாலா, ஊது எனும் நறுமணக் கட்டை, அத்தர், துணிக்கடைகளைத் தாண்டிப் போனால் ராஜாளிப் பறவைகளுக்கென்றே தனிச் சந்தை. மணல் பரப்பிய தரையில் குட்டையான மரத் தாங்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ராஜாளி. கண்ணை மறைத்துச் சின்னத் தோல் தொப்பி மாட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே அவற்றுக்கு மருத்துவமனையும் உண்டு. படம் எடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அப்புறம் எங்காவது வெளியில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கரக் சாயா குடியுங்கள். ஏலக்காய் தூக்கலாக இருக்கும் அந்த டீ நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

சனிக்கிழமை, அருங்காட்சியகங்கள். காலையில் கத்தார் தேசிய அருங்காட்சியகம். 2019-இல் திறந்தது, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் வடிவமைத்தது. பாலைவனத்தில் தாதுக்கள் படிந்து இதழ் இதழாக உருவாகும் 'பாலைவன ரோஜா'வைப் போல, பெரிய வட்டத் தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டியிருக்கிறார். உள்ளே நடைபாதை மட்டும் ஒன்றரை கிலோமீட்டர். சாய்ந்த சுவர்கள் முழுக்கப் படங்கள் ஓடும். குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், வசதியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே தவறவிடக் கூடாதது பரோடா முத்துக் கம்பளம். 1865 வாக்கில் பரோடாவின் கெய்க்வாட் மன்னருக்காகச் செய்தது. வளைகுடாவில் மூழ்கி எடுத்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு முத்துக்களைக் கோத்து, இடையிடையே வைரமும் மாணிக்கமும் மரகதமும் பதித்திருக்கிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் வெளிர் நிறப் பின்னல் வேலைதான் தெரியும். கண்ணாடியை நெருங்கி நின்றால் ஒவ்வொரு கொடியும் இலையும் மணி மணியாகப் பிரியும். எண்ணெய் கிடைப்பதற்கு முன் இந்த ஊர் வாழ்ந்ததே முத்துக்குளித்தலில்தான். ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து அந்தத் தொழில் சரிந்த கதையும் அதே கூடங்களில் இருக்கிறது. மன்னார் வளைகுடா முத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமான கதை இல்லை.

மதியம் ஹோட்டலுக்குத் திரும்பி ஓய்வெடுங்கள். மூன்றரை மணிக்கு மேல் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். 2008-இல் இது திறந்தபோது இதை வடிவமைத்த ஐ.எம். பெய்க்கு வயது 91. எதிர்காலத்தில் பக்கத்தில் எந்தக் கட்டடமும் எழுந்து மறைத்துவிடக் கூடாது என்பதற்காக, கடலுக்குள் தனித் தீவு அமைத்து அதன் மேல் கட்டச் சொன்னார். கெய்ரோவின் இப்னு துலூன் மசூதியில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் (ஒளு) நீர்மண்டபம்தான் இந்தக் கட்டடத்துக்கு உந்துதல். உள்ளே நுழைந்ததும் ஓவியத்தையோ பாத்திரத்தையோ தேடாமல், நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். சதுரம் எண்கோணமாகி, எண்கோணம் வட்டமாகிக் குவிமாடத்தில் முடிவது தெரியும். அந்தி சாயும் நேரத்தில் வெளியே பூங்காவுக்கு வந்தால் எதிர்க்கரையில் வெஸ்ட் பே கட்டடங்களில் விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். கோர்னிஷில் நிற்கும் மரப்படகில் ஒரு சுற்றுப் போய் வரலாம்.

ஞாயிறு, பாலைவனம். தோஹாவுக்குத் தெற்கே கோர் அல் அதைத் என்ற இடத்தில் மணல் குன்றுகளுக்கு நடுவே கடல் புகுந்து ஏரி போலக் கிடக்கிறது. மறுகரை சவூதி அரேபியா. சாலை கிடையாது, நான்கு சக்கர இயக்க வண்டியில்தான் போக முடியும். தார்ச் சாலை முடியும் இடத்தில் ஓட்டுநர் இறங்கி நான்கு டயர்களிலும் காற்றைக் குறைப்பார். மணலில் டயர் பரந்து பிடிக்க வேண்டும் என்பதற்காக. அதன் பிறகு குன்றுகளின் மேல் ஏறி இறங்கும் ஆட்டம். கர்ப்பிணிகளும் முதுகுவலி உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். கடலை மட்டும் பார்த்தால் போதும், மெதுவாக ஓட்டுங்கள் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். தனி வண்டி எடுங்கள். இந்தப் பயணத்தில் காசு கொடுத்ததற்கு முழுப் பலன் தெரியும் இடம் இது, ஏனென்றால் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் மதியம் ஒன்றரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

திங்கள், கிளம்பும் நாள். எஜுகேஷன் சிட்டியில் உள்ள தேசிய நூலகம் போதும். மெட்ரோவின் பச்சை வழித்தடம் வாசலிலேயே விடும். டச்சுக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் வடிவமைத்தது. ஒரே பெரிய கூடம், மூன்று பக்கமும் தரையிலிருந்து படிப்படியாக எழும் புத்தக அடுக்குகள். நடுவில் தரையைத் தோண்டி இறக்கியது போன்ற பள்ளத்தில் பழைய சுவடிகளும் வரைபடங்களும்.

நேரம் இருந்தால் முஷைரிப் அருங்காட்சியகங்களில் ஒன்றான 'பின் ஜெல்மூத்' இல்லத்துக்கு அவசியம் போங்கள். அனுமதி இலவசம். இந்தியப் பெருங்கடல் பகுதியின் அடிமை வணிகத்தையும், இன்றைய தொழிலாளர் சுரண்டலையும் பற்றிப் பேசும் இடம். இந்த நகரத்தின் கட்டடங்களை எழுப்பியதில் நம் ஊர்களிலிருந்து போனவர்களின் உழைப்பும் இருக்கிறது. அவற்றை வியந்து பார்த்தவர்கள் இங்கேயும் ஒரு மணி நேரம் செலவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

பேர்ல் தீவு, கத்தாரா பண்பாட்டுக் கிராமம், லுசைலின் பெரிய வணிக வளாகம் ஆகியவற்றை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஏதாவது ஒரு மாலை சும்மா இருந்தால் கத்தாராவுக்குப் போய் வாருங்கள்.

படி 5: முன்பதிவு

இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில் உள்ள 'ஈதாம்', பிரெஞ்சு சமையல் கலைஞர் அலன் துகாஸின் உணவகம், மிஷலின் நட்சத்திரம் பெற்றது. சனி இரவுக்கு அங்கே இடம் பிடித்தால் அருங்காட்சியகம் பார்த்த கையோடு சாப்பிடலாம். ஷெராட்டனில் உள்ள இந்திய உணவகம் 'ஜமாவர்' அதே நட்சத்திரம் பெற்றது, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே நிம்மதி. இரண்டில் ஒன்று போதும். மீதி வேளைகளுக்கு சூக்கில் மச்பூஸ் (இறைச்சி சேர்த்த மசாலா சாதம்), லுகைமாத் (பொரித்த இனிப்பு உருண்டை) என்று உள்ளூர்ச் சாப்பாட்டைத் தேடுங்கள்.

உணவகம், பாலைவன வண்டி, விமான நிலையத்திலிருந்து வரும் கார் மூன்றையும் ஊரிலிருந்தே உறுதி செய்துவிடுங்கள்.

படி 6: பணமும் போக்குவரத்தும்

ஒரு டாலருக்கு 3.64 ரியால் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். ஒரு ரியாலை 25 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரிதாகத் தவறாது. அட்டை எல்லா இடத்திலும் செல்லும். சூக்குக்கும் அன்பளிப்புக்கும் கொஞ்சம் நோட்டு வைத்திருங்கள்.

மெட்ரோவில் சாதாரணப் பெட்டி ஒரு பயணத்துக்கு 2 ரியால், கோல்டு கிளப் பெட்டி 10 ரியால். கோல்டு கிளப்புக்கு 100 ரியாலில் தனி அட்டையும் வாங்க வேண்டும். சாதாரணப் பெட்டியே பளிச்சென்று இருக்கிறது, அந்தக் காசை வேறெங்காவது செலவழியுங்கள். இரவில் டாக்ஸியோ ஊபரோ பிடித்துக்கொள்ளலாம்.

இந்திய ஏஜென்ட் வழியாகப் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் (பேக்கேஜ் விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

படி 7: பெட்டியில் எது வேண்டும், எது கூடாது

தோளும் முழங்காலும் மறையும் உடை, ஆண்களுக்கும்தான். மது, பன்றி இறைச்சி, மின் சிகரெட் எதையும் கொண்டுபோகக் கூடாது. மது வேண்டும் என்றால் உரிமம் பெற்ற ஹோட்டல்களில் மட்டும். கோடீன், ட்ரமடால் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மற்ற மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். பெண்களையும் அரசுக் கட்டடங்களையும் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

படி 8: காப்பீடும் திரும்பும் வழியும்

2025 ஜூனில் பிராந்தியப் பதற்றத்தால் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. அதனால் பயணக் காப்பீட்டை வாங்குங்கள், விமானம் ரத்தானால் என்ன கிடைக்கும் என்ற பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதும் நல்லது. கிளம்பும் வாரத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுறுத்தலைப் பாருங்கள்.

சூக்குக்குப் பக்கத்திலேயே தங்கச் சந்தை இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்தியச் சுங்கத்தில் நகைக்குத் தரும் தீர்வைச் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான். மூன்று நாள் போய் வருகிறவர்களுக்கு அது பொருந்தாது. புதிதாக வாங்கிய நகை இருந்தால் ரசீதோடு சிவப்பு வழியில் போய் அறிவித்துவிடுங்கள். உங்கள் சொந்த நகையை நிறையப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்பும்போதே சென்னை சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்கூட்டியே போக வேண்டியிருக்கும்.